ஒயினுக்கு ரியோஹா, சாமைக்கு ஜவ்வாது மலை!

திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் வருகிறது புதூர்நாடு. பக்கத்திலேயே நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் இந்த ஜவ்வாது மலை ஒருகாலத்தில் சந்தனத்துக்குப் பேர்போனது. ஆனால் இங்குள்ளவர்களின் வயிற்றை நிரப்பியது சாமைதான். ஆடி வாக்கில் மழையை நம்பி விதைத்தால், மூன்று மூன்றரை மாதத்தில் கதிர் தலைசாயும்.

மலையில் விளைந்து மூட்டையாக இறங்கும் இந்தச் சாமை, நகரத்துக் கடைக்கு வரும்போது பெரும்பாலும் வெறும் ‘சாமை அரிசி’. எந்த மலை, எந்த ஊர் என்ற விவரமெல்லாம் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

ஊர் பெயரைத் தொலைக்காமல் காப்பாற்றிய ஒரு பகுதி ஸ்பெயினின் வடக்கே இருக்கிறது. எப்ரோ ஆற்றங்கரையில் உள்ள அதன் பெயர் ரியோஹா. (குடும்பப் பத்திரிகையில் ஒயினா என்று பதற வேண்டாம். பாட்டிலைத் திறக்கப் போவதில்லை, லேபிளை மட்டும் படிக்கப் போகிறோம்!)

அங்கே சிவப்பு ஒயினுக்கு முதல் திராட்சை டெம்ப்ரனியோ. ஸ்பானிஷ் மொழியில் ‘டெம்ப்ரானோ’ என்றால் சீக்கிரம் என்று பொருள். மற்றவற்றுக்கு முன்பே பழுத்துவிடுவதால் இந்தப் பெயர். இதோடு கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ போன்றவற்றையும் அளவாகக் கலப்பார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவகைப் பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, போர்தோ வியாபாரிகள் சரக்கு தேடி ரியோஹாவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில்தான் இந்த ஊர் ஒயினுக்கு வெளிநாட்டுச் சந்தை பெருகியது.

1925-ல் ரியோஹா என்ற பெயருக்கே சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1991-ல் ஸ்பெயினின் மிக உயர்ந்த தரநிலையை முதலில் பெற்றதும் இதுதான். ‘கிரியான்சா’ என்று போட்டிருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு பக்குவப்பட்டது, அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். ‘ரெசர்வா’ என்றால் மூன்று ஆண்டு. இதற்கான முத்திரை பாட்டிலின் பின்பக்கம் இருக்கும்.

துணைக்கு என்ன? திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் சுட்ட இளம் ஆட்டுக்கறி. ஒயினின் துவர்ப்பு, கறியின் கொழுப்பைத் தணிக்குமாம். வயலில் மிஞ்சிய குச்சிகூட வீணாகவில்லை பாருங்கள்!

சாமைக்கும் இப்படி ஒரு ஜோடிக் கணக்கு உண்டு. அதற்கென்று தனியாகத் தூக்கலான ருசி கிடையாது. அதனால் பக்கத்தில் காரமும் புளிப்பும் வேண்டும். கொள்ளு ரசம், மொச்சைக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு மூன்றில் எதுவானாலும் சரி. சாம்பார் கொஞ்சம் சாதுதான். ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டு முதல் இரண்டரை டம்ளர் தண்ணீர். கால் மணி நேரம் ஊறவைத்து வேகவிட்டு, இறக்கியபின் பத்து நிமிடம் மூடிவைத்தால் உதிரியாக வரும். பாயசம் என்றால் மலைத்தேனை அடுப்பில் கொதிக்க விடாமல், இறக்கி ஆறியதும் சேருங்கள்.

ஒயினுக்குப் பீப்பாய் என்றால் சாமைக்கு உமி. உமியோடு இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். உமி நீக்கியதும் எண்ணெய்ப்பசை வெளிப்பட்டு, சில மாதங்களில் சிக்குவாடை வந்துவிடும். இந்த உமியை நீக்குவதுதான் பெரும்பாடு. முன்பு பெண்கள் உரலில் மணிக்கணக்கில் குத்தினார்கள். சிரமம் பார்த்து உமியோடு மூட்டையை விற்றுவிட்டால், அரிசியாக்கியபின் கிடைக்கும் கூடுதல் விலை ஆலைக்காரருக்குப் போகிறது. மலையிலேயே உமி நீக்கி, மலையிலேயே பாக்கெட் போட்டால்தான் விவசாயிக்கு அந்தக் காசும், பாக்கெட்டுக்கு ஊர் பெயரும் கிடைக்கும்.

விதைப் பக்கம் வேலை நடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம், ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டிருக்கிறது. பெயருக்கான வழியும் நம்மிடம் உண்டு. 1999-ம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்தான் 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அங்கீகாரம் கிடைத்தது.

அடுத்த முறை சாமை வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். விளைந்த ஊர் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.