தேசிகன் துதி யாருடைய உடைமை?

கெடில நதிக்கரையில், ஔஷதகிரியின் அருகே எழுந்தருளியிருக்கிறார் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இத்தலத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஸ்வாமி வேதாந்த தேசிகன் (1268–1369), தேவநாயக பஞ்சாசத், அச்யுத சதகம் முதலிய துதிகளை இப்பெருமாள் மீது அருளிச்செய்தார்.

அத்துதிகள் அனைவருக்கும் பொது. யாரும் தாமே பாடி யூடியூபில் வெளியிடலாம். ஆனால், பிறர் பாடிய ஒலிப்பதிவு அவ்வாறன்று; 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, அது வெளியானபின் 60 ஆண்டுகள் அதற்குப் பாதுகாப்பு உண்டு.

இவ்வேறுபாட்டைக் கணினி எப்போதும் அறிவதில்லை. 1750-இல் மறைந்த ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையை, ஜேம்ஸ் ரோட்ஸ் என்னும் கலைஞர் 2018-இல் தாமே பியானோவில் வாசித்து ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். அது சோனி நிறுவனத்தின் உடைமை எனக் கூறி ஒலி நிறுத்தப்பட்டது. அவர் ஊரறிய முறையிட்ட பின்னரே அக்கோரிக்கை கைவிடப்பட்டது.

யூடியூபிலும் நம் மறுப்பு முதலில் உரிமை கோரியவரிடமே செல்கிறது. பதிலளிக்க அவருக்கு 30 நாள் அவகாசம். வழக்காடுபவரே நீதிபதியாவது முறையன்று. புகார் செய்தவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிடில், தடுத்த பதிவை மீண்டும் அனுமதிக்க நம் சட்டம் வழி வைத்துள்ளது. கணினி எழுப்பும் கோரிக்கைகளுக்கும் அத்தகைய காலவரம்பும், நடுநிலையாளரின் விசாரணையும் வேண்டும்.

அதுவரை, பேரக்குழந்தை பாடிய துதி தடுக்கப்பட்டால் அஞ்ச வேண்டா. துதி தேசிகனுடையது, குரல் குழந்தையுடையது என்று எழுதி, உரிய இடத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம்.