கச்சான் காற்றும் கணினியின் வெப்பமும்

மேசைக் கணினியில் விளையாடும் இளைஞர்கள் முழு இயந்திரத்தையும் மாற்ற வசதியில்லாதபோது புரொசஸரை மட்டும் மாற்றிக் கொள்வது வழக்கம். புளியந்தீவிலும் காத்தான்குடி, ஏறாவூர் போன்ற அயல் ஊர்களிலும் இதற்கான பணம் சில வீடுகளில் வெளிநாட்டில் உழைக்கும் தந்தையோ சகோதரனோ அனுப்புவதாகும். அப்பணத்தில் பெரும்பகுதி புரொசஸருக்கே செலவாகிவிட, அதன்மேல் பூட்டப்படும் கூலருக்கு மிஞ்சியதே ஒதுக்கப்படுகின்றது. எமது காலநிலையில் இந்தக் கணக்கு ஏன் பிழைக்கின்றது என்பதை விளக்குதல் அவசியமெனக் கருதுகின்றோம்.

கூலர் என்பது குளிரை உண்டாக்கும் கருவியன்று. புரொசஸரில் எழும் வெப்பத்தைச் செப்புக் குழாய்களினூடாக அலுமினியத் தகடுகளுக்குக் கடத்தி, விசிறியின் துணையுடன் அறைக் காற்றில் கலந்துவிடுவதே அதன் வேலை. ஆகவே அறையின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் இறக்க முடியாது. வெளிநாட்டு மதிப்பீடுகள் பெரும்பாலும் 21 பாகை செல்சியஸை அண்டிய அறைகளில் செய்யப்படுபவை. அத்தகைய அறையில் ஒரு கூலர் புரொசஸரை 78 பாகையில் வைத்திருந்ததெனக் கொள்வோம். வேறுபாடு 57 பாகை. அதே கூலரை 33 பாகையுள்ள அறையில் வைத்தால் புரொசஸர் 90 பாகையைத் தொட்டுவிடும். ஏ.எம்.டி. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி புரொசஸருக்கு அதுவே உச்ச வரம்பு. வரம்பை எட்டியதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அவ்வாறு கைநழுவுவது பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டு இடையிடையே தடங்கினால் பழி கிராபிக்ஸ் காட் மீது விழுகின்றது.

33 பாகை என்பது மிகைப்படுத்தலன்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைப் பொழிந்துவிட்டு, உலர்ந்து சூடேறி, கச்சானாகக் கிழக்கே இறங்கும் மாதங்களில் பகல் வெப்பம் அதனையும் தாண்டுவதுண்டு. மூடிய அறையில், சுவரோடு ஒட்டிய கேசிங்கினுள் நிலைமை இன்னும் மோசம்.

பெட்டியில் அச்சிடப்பட்ட வாற்று அளவையும் அப்படியே நம்பலாகாது. மேற்கூறிய ரைசனுக்கு 105 வாற்று எனக் குறிக்கப்பட்டாலும் அது 142 வாற்று வரை இழுக்கக்கூடியது. இன்டெலின் கோர் ஐ7 13700கே 125 வாற்று என்ற அடிப்படை அளவைக் கொண்டிருப்பினும் அதன் உச்சம் 253 வாற்று. ரைசன் 5 3600உடன் இலவசமாகக் கிடைத்த சிறிய கூலர் 65 வாற்றுப் புரொசஸர்களுக்கானது. 5800எக்ஸ்3டியோ கூலர் இன்றியே விற்கப்பட்டது. பழையதை எடுத்துப் புதியதில் பூட்டுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக விலையுயர்ந்த திரவக் கூலரை எல்லோரும் நாட வேண்டியதில்லை. விளையாட்டுகள் புரொசஸரை உச்ச அளவுக்கு வருத்துவது அரிது. வீடியோ தொகுப்பே அதனை நீண்ட நேரம் வாட்டுவது. விளையாட்டு மட்டுமெனில், 5800எக்ஸ்3டி போன்றவற்றுக்கு நான்கு வெப்பக் குழாய்களும் 120 மில்லிமீற்றர் விசிறியும் கொண்ட கோபுர வடிவக் கூலர் போதுமானது என்பதே எமது அபிப்பிராயம். 13700கே வாங்கி வீடியோ தொழிலும் செய்பவர் இரட்டைக் கோபுரத்தையோ 360 மில்லிமீற்றர் திரவக் கூலரையோ எண்ணிப் பார்க்கலாம். பாவித்த திரவக் கூலரைத் தவிர்த்தல் நன்று. உள்ளிருக்கும் திரவம் ஆண்டுகள் செல்ல மெல்லக் குறையும், பம்பும் தேயும்.

கடைக்குச் செல்லுமுன் கேசிங்கின் உள் அகலத்தை அளந்து கொள்க. கோபுரக் கூலர்கள் பல 155 மில்லிமீற்றர் உயரமானவை. பக்க மூடி பூட்டாமற் போகலாம். 2021இல் வந்த இன்டெலின் 1700 சொக்கட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 75இலிருந்து 78 மில்லிமீற்றராக மாறியது. அதற்குரிய பிடி இல்லாத பழைய கூலர் அதில் சரிவர அமராது.

வாவிக்கரை வீடுகளில் உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து தகடுகளை அடைத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மின்னைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைப்பது போதும்.

பூட்டிய பின்னர் இரவில் அன்றி, பிற்பகல் இரண்டு மணியளவில் வழமையான விளையாட்டை அரை மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். வரம்பைத் தொடுமாயின் கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றி மீண்டும் பார்க்கலாம். அப்போது பல பாகைகள் இறங்கினால் குறை கூலரில் இல்லை. கேசிங்கினுள் காற்று புக வழியில்லை என்பதே காரணம். அதற்கு முன்புறம் ஒரு விசிறி பூட்டுவது, புதிய கூலர் வாங்குவதிலும் மலிவானது.