சைனஸும் சமையலறை வைத்தியமும்

ஆவி பிடிப்பதா, பற்றுப் போடுவதா, மூக்கைக் கழுவுவதா? எது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் மார்கழிப் பனி விலகும்வரை சைனஸ்காரர்களுக்குச் சோதனைக் காலம். எழுந்ததும் அடுக்குத் தும்மல், குனிந்தால் நெற்றிப் பாரம், கன்னத்து எலும்பில் விண்விண்ணென்று வலி. ‘எனக்கு சைனஸ்’ என்று வாயைத் திறந்தால் போதும்; பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதல் மளிகைக்கடை அண்ணாச்சி வரை ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். நொச்சி இலை ஆவி, சுக்குப் பற்று, சுட்ட மஞ்சள் புகை, தும்பைப்பூச் சாறு, ஜல நேத்தி என்று பட்டியல் நீளும். இவற்றில் சில நிஜமாகவே உதவும். சில ஆறுதல் மட்டும் தரும். ஒன்றிரண்டு ஆபத்தானவை. எல்லாவற்றையும் பாட்டி வைத்தியம் என்று கொண்டாடுவதும் சரி, மொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் சரி, நோயாளிக்கு உதவாது.

சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. நெற்றியில், கன்னங்களில், கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என்று நான்கு ஜோடிக் காற்றறைகள். உள்சுவரில் சுரக்கும் சளியை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் மூக்கை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். இதில் கன்னத்து அறையின் பாடுதான் சிரமம். அடியில் ஓட்டையில்லாமல் விளிம்புக்குக் கீழே மட்டும் குழாய் வைத்த தண்ணீர்த் தொட்டி போல, அதன் வாசல் மேல்பக்கம் இருக்கிறது. ஜலதோஷமோ ஒவ்வாமையோ வந்து அந்த வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால் சளி உள்ளேயே தேங்கும். சித்த மருத்துவம் பீனிசம் என்று சொல்லும் தொல்லை இந்த வகையைச் சேர்ந்தது.

திடீரென்று வரும் சைனஸ் அழற்சிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். 7 முதல் 10 நாட்களில் பலருக்கும் அது தானாகவே அடங்கிவிடும். ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலும் வேண்டியதில்லை. வீட்டு வைத்தியங்களின் புகழுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். எட்டாம் நாள் என்ன செய்தோமோ, அதற்கே நல்ல பெயர் போய்ச் சேருகிறது. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நாட்பட்ட சைனஸ். வைத்தியத்தின் உண்மையான பலம் தெரிவது அங்கேதான்.

ஆவி: தலைவலிக்கு மட்டும்

நொச்சியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்து, போர்வைக்குள் தலையை நுழைத்து வேர்க்க விறுவிறுக்க ஆவி பிடித்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்தார்கள். நாட்பட்ட, அடிக்கடி திரும்பும் சைனஸ் தொல்லை உள்ள 871 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2016ல் கனடா மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது. மற்றபடி சைனஸ் தொல்லையில் பெரிய மாற்றமில்லை.

ஆவி பிடிப்பதில் கெடுதல் வருவது பாத்திரத்தால். கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோகும் குழந்தைகளைத் தீக்காயப் பிரிவு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம். 2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் வரிசையாக நின்று ஆவி பிடிக்கும் வழக்கம் பரவியது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டியதாயிற்று.

பற்றும் தைலமும்

நாட்டு மருந்துக் கடையில் நீர்க்கோவை மாத்திரை கேட்டால் கிடைக்கும். விழுங்குவதற்கான மாத்திரை அல்ல அது. வெந்நீரில் குழைத்து நெற்றியிலும் மூக்கின் இரு பக்கமும் பற்றுப் போட வேண்டும். மஞ்சளும் சுக்கும் சேர்ந்த அந்தக் காரமும் சூடும் வலியை மறக்கடிக்கும். தோல் எரிந்தால் உடனே கழுவிவிடலாம். உள்ளே தேங்கிய சளியைப் பற்று இழுத்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

தைலத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. 1893ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கி, பிறகு சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் முதல், நீலகிரியில் காய்ச்சும் யூகலிப்டஸ் தைலம் வரை நம் வீட்டு அலமாரியில் ஏதாவது ஒன்று இருக்கும். இந்த வகைத் தைலங்கள் பலவற்றில் உள்ள மெந்தால், அடைப்பைத் திறப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு ஏற்பியைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவது போன்ற உணர்வைத் தருகிறது. அந்த ஏற்பியை மெந்தாலைக் கொண்டே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவருக்கும் 2021ல் மருத்துவ நோபல் கிடைத்தது. இரவில் தூங்க அந்த உணர்வு உதவுகிறதென்றால் தடவிக்கொள்ளலாம். ஆனால் கைக்குழந்தைக்குக் கற்பூரமோ தைலமோ தடவக் கூடாது. கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும்.

உப்புத் தண்ணீர் தேறியது

மாற்று வைத்தியங்களில் சோதனைக்கு ஓரளவு தாக்குப்பிடித்தது மூக்கைக் கழுவும் முறை. ஹடயோகப் பிரதீபிகை சொல்லும் ஆறு கிரியைகளில் நேத்தி ஒன்று. அதில் விவரித்திருப்பது மூக்கில் நூலை விட்டு வாய்வழியே எடுக்கும் முறை. கெண்டியால் உப்பு நீர் விடும் ஜல நேத்திதான் இன்று பரவலாகியிருக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். மேலே சொன்ன 2016 ஆய்வில் மூக்கைக் கழுவியவர்களுக்குச் சுமாரான பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. அதிசயம் நடக்காது, தினமும் செய்தால் தொல்லை குறையும்.

செய்முறை எளிது. கால் லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், எரிச்சல் தெரியாமலிருக்க ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் மூக்கில் ஊற்றினால் மறு மூக்கு வழியே வடியும். முடித்ததும் மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் மூக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் தண்ணீர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2011ல் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்துபோனார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த அமீபா, மூக்கில் ஏறினால் மூளைக்குப் போய்விடும். அண்டை மாநிலமான கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியதை மறக்கக் கூடாது. கிணற்று நீரோ குழாய் நீரோ கேன் தண்ணீரோ, ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவிட்ட பிறகுதான் மூக்குக்குள் போக வேண்டும்.

ஊற்றுவதற்கு முன்

தும்பைப்பூச் சாறு, நல்லெண்ணெய், மூலிகைத் தைலம் ஆகியவற்றை மூக்கில் விடும் நசியத்துக்குச் சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் முறை இருக்கிறது. அளவும் பத்தியமும் இருக்கின்றன. பட்டம் பெற்ற மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டிய அதை, வீடியோ பார்த்துச் செய்வது வம்பு. குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும்.

சுட்ட மஞ்சள் புகையும் புகைதான். ஏற்கெனவே வீங்கிய மூக்குக்கு, முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, அது வேண்டாத வேலை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் அடைப்பு நீக்கிச் சொட்டு மருந்தும் இதே கதை. சில நாட்களுக்கு மேல் போட்டால், மருந்து நின்றதும் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

சைனஸ்தானா?

வைத்தியம் பலிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘சைனஸ் தலைவலி’ என்று சொல்லி வந்த ஏறக்குறைய 3,000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. ஒருபக்கம் மட்டும் நாறும் சளி வந்தால் மேல்வரிசைப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி, பூஞ்சை ஆகியவற்றை எந்தப் பற்றும் கரைக்காது. கொரோனாவுக்குப் பின் சர்க்கரை நோயாளிகளைத் தாக்கிய கருப்புப் பூஞ்சையும் சைனஸில்தான் குடியேறியது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், கடும் காய்ச்சல், கழுத்து விறைப்பு, மூக்கில் கருப்பான கசிவு – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 10 நாளுக்கு மேல் நீடித்தாலும், குறைந்து மறுபடி ஏறினாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சித்த வைத்தியம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது. எங்கே போனாலும், வீட்டில் இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.