ஹிர்ஸ்ப்ரங் நோயை ஒத்த குடல் கோளாறுகள்

ஹிர்ஸ்ப்ரங் நோயை ஒத்த குடல் கோளாறுகள் என்பவை, அந்நோயைப் போலவே மலச்சிக்கலும் வயிற்று உப்பலும் தந்தாலும், மலக்குடல் திசு ஆய்வில் நரம்பணுக்கள் காணப்படும் நோய்களாகும்.

பின்னணி

குடற்சுவரிலுள்ள நரம்பணுத் திரள்களே குடல் சுருங்கி விரிவதை ஒழுங்குபடுத்துகின்றன. ஹிர்ஸ்ப்ரங் நோயில், மலவாயிலிருந்து மேல்நோக்கிச் சிறிது தூரமோ பெருந்தூரமோ இவை பிறவியிலேயே இருப்பதில்லை. அப்பகுதி விரியாததால் மலம் தேங்கி, அதற்கு மேலுள்ள குடல் வீங்குகிறது. கோபன்ஹேகன் நகரக் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஸ்ப்ரங் 1886இல் இதனை விவரித்தார். ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது.

ஐயம் எழும் நிலை

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை 24 மணி நேரத்துக்குள் கரும்பச்சை நிற முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரம் கடந்தும் கழிக்காமை, வயிற்று உப்பல், பச்சை நிற வாந்தி ஆகியவை ஐயத்துக்குரியவை.

ஆய்வுகள்

* மலவாய் வழியே நிறமூட்டு மருந்து செலுத்தி எடுக்கும் ஊடுகதிர்ப் படம், குறுகிய குடலும் வீங்கிய குடலும் சந்திக்கும் இடத்தைக் காட்டும்.
* அழுத்த அளவீட்டில், மலக்குடல் விரியும்போது உள் சுருக்குத்தசை தளர்கிறதா என்பது தெரியும். ஹிர்ஸ்ப்ரங் நோயில் அது தளராது.
* திசு ஆய்வே முடிவானது. நரம்பணுக்கள் இல்லையெனில் ஹிர்ஸ்ப்ரங் நோய் உறுதியாகும்.

நரம்பணுக்கள் இருந்தால்?

நரம்பணுக்கள் உள்ளன என்ற முடிவோடு தேடல் நின்றுவிடக் கூடாது. பின்வருபவற்றையும் கருத வேண்டும்.

* நரம்பணுக் குறைவு: அணுக்கள் உள்ளன, ஆனால் மிகச் சில. மேலோட்டமான துணுக்கில் இது புலப்படாமல் போகலாம்; தசை அடுக்கையும் சேர்த்து எடுத்த திசு தேவை.
* முதிராத நரம்பணுக்கள்: குறைமாதக் குழந்தைகளில் காணப்படும், காலப்போக்கில் சரியாகிவிடலாம்.
* உள் சுருக்குத்தசை தளராமை: திசு இயல்பாக இருக்கும், அழுத்த அளவீடு மட்டும் மாறுபடும்.
* குடல் நரம்பு வளர்ச்சிப் பிறழ்வு: நரம்புத் திரள்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். இது தனி நோய்தானா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தைராய்டு சுரப்புக் குறைவு, முதல் மலம் கட்டியாகி அடைத்தல், பழக்கத்தால் வரும் மலச்சிக்கல் ஆகியவையும் இதே தோற்றம் தரலாம். தைராய்டு குறைவை இரத்தப் பரிசோதனையே காட்டிவிடும்.

ஏன் இந்தக் கவனம்?

ஹிர்ஸ்ப்ரங் நோய்க்கு நரம்பற்ற குடற்பகுதியை அறுவை மூலம் நீக்குகின்றனர். முதிராத நரம்பணுக்களுக்கோ காத்திருத்தலும் மலமிளக்கியும் போதுமானவையாக இருக்கலாம். ஆகவே, தவறான முடிவு குழந்தைக்குத் தேவையற்ற அறுவையைத் தரும். அல்லது தேவையான அறுவையைத் தள்ளிப்போடும்.

காய்ச்சல், நாற்றமுள்ள வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது குடல் அழற்சியாக இருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தானது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலச்சிக்கலுள்ள குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், சிக்கல் தீர்ந்ததென்று எண்ணிவிடக் கூடாது.