கார்பன் கிராங்க் வாங்குமுன்

நியூ டவுன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போகும் அன்பர்கள், ஹெல்மெட் அணிந்து மெல்லிய டயர் சைக்கிள்களில் வரிசையாகப் பறக்கும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். 2013இல் போலீசார் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்ட ஊர் இது. அதே ஊரில் இப்படி ஓர் ஆர்வம் வளர்ந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியே. நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. என் பேரனும் ஒருவன். சம்பாதிக்கத் தொடங்கியதும் அவன் கேட்ட முதல் யோசனை, "தாத்தா, கார்பன் கிராங்க்செட் போடலாமா?" என்பதுதான். ஒரு நல்ல சாதாரண சைக்கிளின் விலையைவிட அந்த ஒரு உறுப்பின் விலை அதிகம் என்று அறிந்ததும், ரயில்வேயில் அச்சுகளோடும் சக்கரங்களோடும் காலம் கழித்த நான் பென்சிலும் காகிதமும் எடுத்து உட்கார்ந்தேன். மற்ற வீடுகளிலும் இதே கேள்வி எழலாம் என்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் கை. இரண்டு கைகள், நடுவே ஓர் அச்சு, வலப்பக்கம் செயின் ஓடும் பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்ததே கிராங்க்செட். நம் காலத்து சைக்கிளில் இது இரும்பு. காட்டர் பின் அடித்து இறுக்குவார்கள். இன்றைய பந்தய சைக்கிளில் அலுமினியம் அல்லது கார்பன் நார்.

முதலில் எடையைப் பார்ப்போம். நல்ல அலுமினிய கிராங்க்செட் சுமார் 700 கிராம். விலை உயர்ந்த கார்பன் ரகம் 600 கிராமுக்குக் கீழே வரும். மிச்சம் 120 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 8 கிலோ, ஆக 73 கிலோவில் 120 கிராம் என்பது நூற்றில் ஆறில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் விடாமல் மலை ஏறினால் ஆறு விநாடி மிச்சமாகும். கொல்கத்தாவில் மலை ஏது? ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். புட்டியில் அரை டம்ளர் தண்ணீரைக் குறைத்துக்கொண்டாலும் அதே லாபம்.

நீளம் அப்படியல்ல. பெரும்பாலான சைக்கிள்கள் 170 அல்லது 172.5 மி.மீ. கிராங்கோடு வருகின்றன. ஐந்தடி நான்கு அங்குலம் உயரமுள்ள நம் பிள்ளைக்கு இது பல நேரம் அதிகம். கிராங்க் 5 மி.மீ. குறைந்து, அதற்கு ஈடாக சீட்டை 5 மி.மீ. உயர்த்தினால், பெடல் மேலே வரும்போது பாதம் முன்பைவிட 10 மி.மீ. தாழ்வாக நிற்கும். முழங்கால் அவ்வளவு மடங்க வேண்டாம். நெம்புகோல் குறைந்தால் பலம் குறையாதா என்று கேட்பீர்கள், நானும் கேட்டேன். 2001இல் ஜிம் மார்ட்டின் என்ற ஆராய்ச்சியாளர் 120 முதல் 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களில் சோதித்தபோது, உச்ச சக்தியில் கண்ட வேறுபாடு நூற்றுக்கு நான்கு அளவே. 2024இல் டூர் டி பிரான்ஸ் வென்ற போகாச்சர் ஓட்டியது 165 மி.மீ. கிராங்க்தான்.

அடுத்து பற்கள். 53 பல் சக்கரத்தோடு பின்னால் 11 பல் போட்டு, நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 54 கிலோமீட்டருக்கு மேல் போகும். நம் சாலையில் ஆட்டோக்களுக்கும் மாடுகளுக்கும் நடுவே அந்த வேகம் எதற்கு? 50, 34 பல் கொண்ட ஜோடியே போதும். அதிலும் 51 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். விடுமுறையில் சுக்னாவிலிருந்து, பொம்மை ரயிலை ஒட்டிச் செல்லும் ஹில் கார்ட் ரோட்டில், 1,400 மீட்டருக்கு மேலிருக்கும் கர்சியாங்குக்கு ஏற நினைத்தால் அந்த 34 பல்லின் அருமை தெரியும்.

மூன்றாவது, பொருந்துமா என்பது. அச்சின் விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி 24, 28.99, 30 மி.மீ. என்று மாறுகிறது. சட்டத்தில் அது உட்காரும் குழலும் ஒரே மாதிரி இல்லை. மரை போட்ட பழைய முறைக்கு இன்றும் பி.எஸ்.ஏ. மரை என்றே பெயர். நம் அம்பத்தூரில் செய்த சைக்கிளின் பெயரில் இருக்கிறதே, அதே பி.எஸ்.ஏ.தான். அந்த முறையில் வலப்பக்க மரை இடஞ்சுழி என்பதை மறந்து மல்லுக்கட்டக் கூடாது. மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் குழல்கள் நாளடைவில் முனகுவது உண்டு. என் ஓட்டு மரைக்கே.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். 1842 மே 8 அன்று பாரிஸ் அருகே வெர்சாய் பாதையில் இஞ்சின் அச்சு ஒடிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு, தாங்கக்கூடிய பாரம்தான், ஆனாலும் ஒடிந்தது. மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கினால் உலோகம் களைத்துப்போகும் என்பதைப் பின்னர் பிரஷ்ய ரயில்வே பொறியாளர் வோலர் வருடக்கணக்கில் சோதித்து நிறுவினார். கிராங்க்கும் அப்படித்தான், ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. கார்பன் நார் இந்தக் களைப்பை நன்றாகவே தாங்கும். ஆனால் அடி தாங்காது. கல்லில் மோதினாலோ, வண்டி சாய்ந்து விழுந்தாலோ, மேலே வார்னிஷ் பளபளவென்றிருக்க உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். இரும்பு வளைந்து எச்சரிக்கும். இது எச்சரிக்காமல் ஒடியும். நின்று மிதிக்கும்போது ஒடிந்தால் ஆள் பஸ்ஸின் முன்னால் விழுவான்.

அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஒருவர் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல். கார்பனுக்கும் அதே வைத்தியம்: காசு ஒன்றால் கையின் நீளம் முழுக்கத் தட்டுங்கள். லேக் மார்க்கெட்டில் தேங்காய் தட்டத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துக் கேட்டால், அதைக் கழற்றி விவரம் தெரிந்தவரிடம் காட்டும்வரை ஓட்டக் கூடாது. பெடல் திருகும் இடத்தில் கார்பனுக்குள் பதித்திருக்கும் உலோகத் துண்டையும் பாருங்கள். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும். நம் ஊர் மழையையும் வியர்வையையும் சொல்ல வேண்டியதில்லை.

பேரனுக்கு நான் சொன்னது: 165 மி.மீ., 50-34 பல், மரைக் குழல், அலுமினியம். மிச்சப் பணத்தில் நல்ல டயரும் ஒரு டார்க் ரெஞ்ச்சும் வாங்கு. இடது கையை இறுக்கும் போல்ட்டுக்கு ஷிமானோ சொல்வது 12 முதல் 14 நியூட்டன் மீட்டர், கைக்கணக்கு உதவாது. ஷிமானோவின் தலைசிறந்த டியூரா-ஏஸ் கிராங்க்கே இன்றும் அலுமினியம்தான் என்றதும் பையன் கொஞ்சம் யோசித்தான்.

அலுமினியம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 2019 ஜூலைக்கு முன் செய்த ஷிமானோவின் அல்டெக்ரா, டியூரா-ஏஸ் 11-கியர் கிராங்க்குகளில் சில, ஒட்டிய இரு பாதிகளும் பிரிந்துபோனதால் 2023 செப்டம்பரில் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. பழைய சைக்கிள் வாங்குவோர் கிராங்க்கின் பின்புறம் பாருங்கள்: 6800, ஆர்8000, 9000, ஆர்9100 ஆகிய எண்களில் ஒன்று இருந்தால், அருகில் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியைக் கம்பெனி வெளியிட்ட பட்டியலோடு ஒப்பிட்டு, சோதனை முடிந்ததா என்று விற்பவரிடம் கேட்டபின் பணத்தை எடுங்கள்.