பாட்டியின் தகரப் பெட்டியும் 64 குறிகளும்

மாணவர்களே, கேமரன் மலைத் தோட்ட வீடுகளில் அலமாரிக்கு மேல் பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று இருப்பதுண்டு. உள்ளே பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தா ரசீது. பார்த்தால் குப்பைபோலத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் இந்த நாட்டில்தான் பிறந்தார், இத்தனை ஆண்டு உழைத்தார், இவ்வளவுதான் கூலி வாங்கினார் என்பதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி இல்லாமல் போகலாம்.

சாட்சி இல்லாமல் போனால் என்ன ஆகும்? சயாம் மரண ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே மடிந்தார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதற்கே மதிப்பீடுதான் உண்டு.

அதனால்தான் உரிமை சார்ந்த ஆவணங்களுக்கு இணையக் காப்பகம் கட்டுகிறார்கள். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. குறுஞ்செயலிகள் படத்தைச் சுருக்கிவிடும். மங்கிய முத்திரை மறைந்துபோகும். காப்பகத்தில் சுருக்காத கோப்பாக, தாளின் இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்கிறார்கள். கறையையும் கிழிசலையும் கணினியில் ‘சரி’ செய்வதில்லை.

அடுத்ததுதான் சுவையான கட்டம். இந்தக் கோப்பை யாரும் திருத்தவில்லை என்று எப்படி நிரூபிப்பது? ‘ஹேஷ்’ என்ற கணக்குமுறை இருக்கிறது. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும், ஷா-256 என்னும் முறை அதை 64 குறிகள் கொண்ட ஒரே வரியாக்கித் தரும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றிப் பாருங்கள், வரி அடியோடு மாறிவிடும். வரியைக் கொண்டு கோப்பைத் திரும்பச் செய்யவும் முடியாது. பத்து ஆண்டு கழித்து மறுபடி கணக்கிட்டு அதே வரி வந்தால், கோப்பு மாறவில்லை என்று நம்பலாம். ஆனால் ஸ்கேன் செய்வதற்கு முன்பே தாளில் யாராவது கைவைத்திருந்தால் ஹேஷ் அதைக் காட்டாது.

பிரதி எத்தனை வேண்டும்? குறைந்தது மூன்று; அதில் ஒன்றாவது வேறு ஊரில். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. சிலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. 2005-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையக் காப்பகம் இலங்கைத் தமிழர் ஆவணங்களைத் திரட்டி வருகிறது. மலையகத் தோட்ட மக்களைப் பற்றிய ஏடுகளும் அதில் உண்டு.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்டிவிடவும் கூடாது. அடையாள அட்டையின் 12 இலக்க எண் தவறானவர் கையில் சிக்கினால் ஆபத்து. அதன்மேல் கறுப்புப் பட்டையை வைத்தால் மட்டும் போதாது. சில கோப்புகளில் பட்டையை நகர்த்தினால் எண் அப்படியே அடியில் இருக்கும். பொதுப் பிரதியில் அந்தப் பகுதியையே நீக்க வேண்டும். முழுப் பிரதி பூட்டிய இடத்தில் இருக்கட்டும். உரியவரின் சம்மதம் முதலில்.

பெட்டியைத் திறக்கப்போகிறீர்களா? ஈரக்காற்றில் பூஞ்சை விரைவாகப் படரும். மலைமேல் சொல்லவே வேண்டாம். வெயிலில் காயவைக்காதீர்கள், எழுத்து வெளுத்துவிடும். பழைய படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஊர், ஆண்டு, நிற்பவர் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். இடப்பக்கம் நிற்பவர் யார் என்று பாட்டியிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.