கான் வெட்டாத மலை

கி.பி. 97இல் ரோம் நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், தம் ஆட்களின் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். நீர்க்கால்வாய்களைப் பராமரிக்க 700 அடிமைகள். பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் நகரம் அவர்களின் அன்றாட வேலையால் தண்ணீர் குடித்தது.

537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்தர்கள் கால்வாய்களை வெட்டினார்கள். சில பின்னர் சீராயின. ஆனால் எல்லாவற்றையும் தொடர்ந்து காக்க நிர்வாகமோ ஆளோ பணமோ இல்லை. இடைக்கால ரோமர்கள் குன்றுகளை விட்டிறங்கி, டைபர் ஆற்றோரம் ஒதுங்கி, பெரும்பாலும் ஆற்று நீரைக் குடித்தார்கள். இடைக்காலம் அறிவில்லாத காலமல்ல. பெரும் தேவாலயங்களையும் நீராலைகளையும் கட்டிய காலம். ரோமில் அற்றுப்போனது பராமரிப்பு.

நம் இலங்கையிலும் இது நடந்திருக்கிறது. 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றிய பின், குளங்களைக் காத்த நிர்வாகம் சிதைந்தது. மலேரியா, வறட்சி என வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. அரசு தென்மேற்கே நகர்ந்தது. இன்றைய கேகாலை மாவட்டத்து பெலிகலவில் புத்தரின் புனித தந்த தாது பாதுகாக்கப்பட்டது. கைவிடப்பட்ட பெருங்குளங்கள் பலவற்றைச் சீர்செய்ய 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

வறண்ட நாட்டில் பராமரிப்பு நின்றால் வயல் காயும். அதே கேகாலை மாவட்டத்து அரநாயக்க போன்ற மலைநாட்டில் உயிரே போகும்.

2016 மே 17 மாலை, மூன்று நாளில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கண்ட சாமசர மலை சரிந்தது. எலங்கபிட்டிய, பல்லேபாகே, சிறிபுர பகுதிகளில் நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் புதைந்தன. அவ்வளவு பெரிய சரிவை, மலைச்சரிவில் வெட்டும் வடிகாலான கான் மட்டும் தடுத்திருக்காது. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்க இறங்க மண்ணின் பிடி தளர்கிறது. மேல்நீரை வெளியே கொண்டுபோவது கான்தான். மண்ணும் சருகும் அடைத்த கான், மலைநீர் முழுவதையும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. அது பெரும்பாலும் லயத்தின் பின்புறம்.

தெரியாமல் நடந்தது என்று எப்போதும் சொல்லவும் முடியாது. கொஸ்லந்தையின் மீரியபெத்தை தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. 2014 ஒக்டோபர் 29இல் மலை சரியும் வரை மக்கள் அங்கேதான் இருந்தார்கள், மாற்றுக் காணியும் வீடும் கிடைக்காமல்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் தெளிவானது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் வெளியேறத் தயார், 150 ஆனால் உடனே வெளியேற்றம். நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கான் வெட்டுவதை மழைக்கு முன்பே முடிக்க வேண்டும். அதற்கான ஆளையும் கூலியையும் நிர்வாகம் ஒதுக்க வேண்டும். சரிவு அபாயம் எனக் குறிக்கப்பட்ட லயத்திலிருப்போருக்குக் காணியும் வீடும் கொடுக்க வேண்டும். இவற்றில் எதைத் தள்ளிப்போட்டாலும், அடுத்த பெருமழையில் அதற்கான விலையைக் கொடுப்பது லயத்தில் உறங்குகிறவர்கள்தான்.